ஒன்றரை நிமிடத்தில் ஓர் ஆறு: கெனு ஸ்லாலம் உலகப் போட்டியும் நமது சிலாங்கூர் ஆறும்

சுங்கை பெசார், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் பழுப்பு நிறத்தில் மெல்ல நகரும் நீர்தான். கோலசிலாங்கூர் பாலத்தில் நின்று பார்த்தால், சிலாங்கூர் ஆறு கடலுக்குப் போகிறதா, கடல் ஏறி ஆற்றுக்குள் வருகிறதா என்று சட்டெனச் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆற்றை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து பெஸ்தாரி ஜெயா, ராசா தாண்டி, கோலகுபு பாருவுக்கும் மேலே போய்ப் பார்த்தால் அது வேறு ஆறாகத் தெரியும். அங்கே தண்ணீர் பாறைகளில் மோதி, வெள்ளை நுரையாகச் சீறி இறங்குகிறது.

அப்படிச் சீறும் நீரில் ஓர் ஆள், ஒரு சிறு படகு, ஒரு துடுப்பு என இறங்கி, தொங்கும் கம்புகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும் போட்டிக்குத்தான் கெனு ஸ்லாலம் என்று பெயர். ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள இவ்விளையாட்டுக்கு 1949 முதல் தனி உலக வெற்றியாளர் போட்டி நடந்து வருகிறது. நம்மவர்களில் பலர் இதைத் தொலைக்காட்சியில் ஒலிம்பிக் சமயத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது, எங்கிருந்து வந்தது, நமது ஆற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

போட்டி நடக்கும் முறை

துடுப்புப் படகுப் போட்டிகளில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஏரி போன்ற அமைதியான நீரில் நேர்க்கோட்டில் வேகமாகப் போவது ஸ்பிரிண்ட். ஓடும் வெள்ளை நீரில் தடைகளைக் கடந்து போவது ஸ்லாலம்.

ஸ்லாலம் தடத்தின் நீளம் பொதுவாக 200 முதல் 400 மீட்டர் வரை இருக்கும். தண்ணீருக்கு மேலே கம்பிகளில் இருந்து ஜோடி ஜோடியாகக் கம்புகள் தொங்கும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாயில். ஒரு தடத்தில் 18 முதல் 25 வாயில்கள் வரை வைப்பார்கள். பச்சை வெள்ளைப் பட்டை போட்ட வாயிலை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட வாயிலை நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பி, மேல்நோக்கிக் கடக்க வேண்டும். குறைந்தது ஆறு வாயில்களாவது இப்படி எதிர்நீரில் இருக்கும்.

கம்பில் படகோ துடுப்போ உடம்போ பட்டுவிட்டால், எடுத்த நேரத்தோடு 2 வினாடி சேர்க்கப்படும். ஒரு வாயிலை விட்டுவிட்டாலோ தவறான முறையில் கடந்தாலோ 50 வினாடி சேரும். 50 வினாடி சேர்ந்தவர் பதக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். முழுத் தடத்தையும் முடிக்க, சிறந்த வீரர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் போதும்.

படகில் இரண்டு வகை. கயாக்கில் கால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தகடு உள்ள துடுப்பால் இரு பக்கமும் மாறி மாறி வலிப்பார்கள். கெனுவில் முழங்காலிட்டு, ஒரு முனையில் மட்டும் தகடு உள்ள துடுப்பைப் பயன்படுத்துவார்கள். படகின் நீளம் குறைந்தது மூன்றரை மீட்டர். எடை ஒரு மூட்டை அரிசியைவிடக் குறைவு, ஏறத்தாழ 9 கிலோதான். தண்ணீர் உள்ளே புகாதபடி இடுப்பைச் சுற்றி ஓர் உறையை இறுக்கிக் கட்டுவார்கள். படகு கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே இடுப்பைத் திருப்பி நிமிர்த்திக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்வார்கள்.

இன்னொரு விதி இந்த விளையாட்டுக்குத் தனிச் சுவை தருகிறது. வாயில்களை மாட்டிய பிறகு, போட்டியாளர் யாரும் அந்தத் தடத்தில் பயிற்சி ஓட்டம் ஓட முடியாது. போட்டியில் இல்லாத சிலர் முன்னோட்டமாக ஓடிக் காட்டுவார்கள். மற்றவர்கள் கரையில் நின்று பார்த்து, எந்த இடத்தில் திரும்புவது, எந்த அலையில் ஏறுவது என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவருக்கே இதில் வெற்றி.

தண்ணீரைப் படிப்பது என்றால் என்ன? ஓடும் நீரில் ஒரு பாறை இருந்தால், அதன் பின்பக்கம் நீர் திரும்பி மேல்நோக்கிச் சுழலும். கிராமத்தில் இதைச் சுழி என்று சொல்லி, பிள்ளைகளை அந்தப் பக்கமே போகவிட மாட்டார்கள். ஸ்லாலம் வீரருக்கு அந்தச் சுழிதான் துணை. அதன் விளிம்பில் படகின் மூக்கை நுழைத்தால் நீரே படகைத் திருப்பி, எதிர்நீர் வாயிலுக்குள் ஏற்றிவிடும். பலத்தால் ஆற்றை எதிர்ப்பவர் சோர்ந்து போவார். ஆற்றின் பலத்தையே பயன்படுத்துபவர் முந்திவிடுவார்.

இரண்டு வினாடியின் விலை

டோக்கியோ ஒலிம்பிக் 2021 ஜூலையில் நடந்தபோது, பெண்கள் கயாக் பிரிவில் ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா பாக்ஸ்தான் தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது. இறுதி ஓட்டத்தில் அவர் இரண்டு வாயில்களில் கம்பைத் தொட்டார். 4 வினாடி சேர்க்கப்பட்டு அவரது நேரம் 106.73 வினாடி ஆனது. ஜெர்மனியின் ரிக்கார்டா புங்க் 105.50 வினாடியில் தங்கம் வென்றார். அந்த இரண்டு தொடுதலும் இல்லாதிருந்தால் தங்கம் ஜெசிக்காவுக்குத்தான். அவருக்குக் கிடைத்தது வெண்கலம்.

இரண்டு நாள் கழித்து, பெண்கள் கெனு பிரிவில் அவர் தங்கம் வென்றார். அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அதுவே முதல்முறை. அதுவரை பெண்களுக்குக் கயாக் மட்டும்தான் இருந்தது. ஆண்களுக்கான இருவர் கெனு பிரிவை நீக்கி, அந்த இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெசிக்கா கயாக், கெனு இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் அறிமுகமான கயாக் கிராஸ் என்ற புதிய பிரிவில் அவருடைய தங்கை நோயமி பாக்ஸ் தங்கம் வென்றார். உயரமான மேடையிலிருந்து நான்கு படகுகள் ஒரே நேரத்தில் நீரில் குதித்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும் போட்டி அது.

பனிமலையிலிருந்து ஆற்றுக்கு

ஸ்லாலம் என்ற சொல் பனிச்சறுக்கு விளையாட்டில் இருந்து வந்தது. பனிச்சரிவில் கம்புகளுக்கு நடுவே வளைந்து இறங்குவதைப் பார்த்தவர்கள், அதையே நீரில் செய்து பார்க்கலாமே என்று எண்ணினார்கள். 1933-இல் சுவிட்சர்லாந்தில் முதல் போட்டி நடந்தது. அது அமைதியான நீரில் நடந்தது. பிறகுதான் ஓடும் ஆற்றுக்கு மாறியது.

முதல் உலக வெற்றியாளர் போட்டி 1949-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் நடந்தது. 1999 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்து வந்தது. 2001-இல் அமெரிக்காவில் நடக்கவிருந்த போட்டி, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ரத்தானது. 2002 முதல், பொதுவாக ஒலிம்பிக் இல்லாத ஆண்டுகளில் எல்லாம் நடக்கிறது. 2022-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், 2023-இல் லண்டனின் லீ வேலி, 2025-இல் ஆஸ்திரேலியாவின் பென்ரித் ஆகிய இடங்களில் நடந்தது.

ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு 1972 மியூனிக் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் காணாமல் போனது. தடம் அமைக்கும் செலவுதான் அதற்குப் பெரிய தடை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் திரும்பி வந்து, இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கட்டப்பட்ட ஆறுகள்

மலை இல்லாத ஊரில் வெள்ளை நீருக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டது ஆக்ஸ்பர்க் நகரம். 1972 ஒலிம்பிக்கிற்காக, லெக் ஆற்றின் நீரைத் திருப்பி, சிமெண்டுக் கால்வாய் ஒன்றில் செயற்கைப் பாறைகளை வைத்து, கட்டுப்படுத்தக்கூடிய ஆறு ஒன்றை உருவாக்கினார்கள். உலகிலேயே முதல் செயற்கை வெள்ளை நீர்த் தடம் இதுதான்.

அந்த ஒலிம்பிக்கில் ஸ்லாலம் பிரிவின் நான்கு தங்கங்களையும் அள்ளிச் சென்றது கிழக்கு ஜெர்மனி. அவர்கள் ஆக்ஸ்பர்க் தடத்தைப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைத் தங்கள் நாட்டின் ஸ்விக்காவ் நகரில் கட்டி, அங்கேயே பயிற்சி செய்துவிட்டு வந்திருந்தார்கள். சொந்த மண்ணில் கட்டிய தடத்தில் மேற்கு ஜெர்மனிக்கு ஒரு தங்கமும் கிடைக்கவில்லை. ஆக்ஸ்பர்க் தடம் இன்றும் ஓடுகிறது. 2019-இல் ஆக்ஸ்பர்க்கின் நீர் மேலாண்மை அமைப்பு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானபோது, இந்தத் தடமும் அதில் ஒரு பகுதியானது.

அதன் பிறகு வந்த தடங்கள் பலவகை. லண்டன் லீ வேலி தடம் 300 மீட்டர் நீளம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஐந்தரை மீட்டர் இறக்கம். பெரிய மோட்டார் பம்புகள் வினாடிக்கு 13 கன மீட்டர், அதாவது 13,000 லிட்டர் நீரை மேலே ஏற்றுகின்றன. ஸ்பெயினின் லா சியூ தடத்தில் பம்புகளைத் திருப்பி இயக்கினால் மின்சாரமும் எடுக்கலாம். ஸ்லோவாக்கியாவின் சுனோவோ தடம் டான்யூப் ஆற்றின் அணைத்திட்டத்தோடு ஒட்டி இருப்பதால் பம்பு இல்லாமலே நீர் பாய்கிறது. ஸ்லோவேனியாவின் தாட்சென் தடமும் ஓர் ஆற்று அணையின் சரிவில்தான் இருக்கிறது.

ஆக, இந்த விளையாட்டுக்கு அடிப்படைத் தேவை ஐந்தாறு மீட்டர் இறக்கமும், திறந்து மூடக்கூடிய நீரும்.

ஒரே மாதிரித் தடம், இரு வேறு கதை

பென்ரித், ஏதென்ஸ் ஆகிய இரு நகரங்களும் நான்கு ஆண்டு இடைவெளியில் ஒலிம்பிக் தடம் கட்டின. சிட்னிக்கு மேற்கே உள்ள பென்ரித் தடம் 2000 ஒலிம்பிக்கிற்காகக் கட்டப்பட்டது. போட்டி முடிந்ததும் அதைப் பூட்டவில்லை. பள்ளிப் பிள்ளைகள், ராஃப்டிங் வரும் குடும்பங்கள், மீட்புப் பணியாளர்கள் என்று எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஜெசிக்கா பாக்ஸ் பிரான்சில் பிறந்தவர். தந்தை ரிச்சர்ட் பாக்ஸ் பிரிட்டனுக்காகக் கயாக் தனிநபர் பிரிவில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். தாய் மிரியம் 1996 ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேற, மகள்கள் இருவரும் பென்ரித் தடத்தில் வளர்ந்தார்கள். 2024-இல் அந்த நாடு ஸ்லாலத்தில் வென்ற மூன்று தங்கங்களும் இந்த ஒரே தடத்தில் விளைந்தவை.

ஏதென்ஸ் 2004-இல் ஹெலினிக்கோவில் கடல்நீரைக் கொண்டு ஒரு தடம் கட்டியது. ஒலிம்பிக் முடிந்த பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. நீர் வற்றி, சிமெண்டு வெடித்து, புல் முளைத்துப் பாழடைந்தது. கட்டிய பணம் பணம்தான். அதில் இறங்கி விளையாட ஒரு பிள்ளையும் இல்லை.

சிறிய நாடுகளின் கதையும் கவனிக்கத் தக்கது. ஸ்லோவாக்கியா தனி நாடானது 1993-இல். மூன்றே ஆண்டில், அட்லாண்டாவில் 17 வயது மிக்கால் மார்ட்டிக்கான் கெனு பிரிவில் தங்கம் வென்று, அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டு வந்தார். ஆப்பிரிக்காவின் டோகோ நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கமும் ஸ்லாலத்தில்தான். 2008 பெய்ஜிங்கில் பெஞ்சமின் புக்பெட்டி வெண்கலம் வென்று, மகிழ்ச்சியில் தன் துடுப்பையே உடைத்துக் காட்டினார்.

ஆசியாவில்

ஆசியாவின் முதல் ஒலிம்பிக் ஸ்லாலம் பதக்கம் 2016 ரியோவில் கிடைத்தது. ஜப்பானின் தக்குயா ஹனேடா கெனு பிரிவில் வெண்கலம் வென்றார். அவர் பள்ளிப் படிப்பை முடித்தபோது ஜப்பானில் உலகத் தரமான செயற்கைத் தடம் ஒன்றுகூடக் கிடையாது. தனி ஆளாக ஸ்லோவாக்கியாவுக்குப் போய், மொழி தெரியாத ஊரில் தங்கிப் பயிற்சி செய்தார். 2014, 2018 ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றவரும் அவரே. ஜப்பானின் முதல் செயற்கைத் தடம், டோக்கியோ ஒலிம்பிக்கிற்காகக் கசாயில் கட்டப்பட்டபோதுதான் வந்தது.

2018 ஆசியப் போட்டியின் ஸ்லாலம் நடந்த இடம் நமது நெல்வயல் பகுதி மக்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்றைப் போல இருக்கும். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், மஜாலெங்காவில் உள்ள ரென்தாங் தடுப்பணை அது. சிமானுக் ஆற்றின் நீரைத் தடுத்து, 80,000 ஹெக்டருக்கும் அதிகமான வயல்களுக்குப் பாய்ச்சும் பாசன அணை. அந்த அணையில் நீர் இறங்கும் சரிவிலேயே வாயில்களைத் தொங்கவிட்டு, ஆசியாவின் சிறந்த வீரர்களை இறக்கிவிட்டார்கள். வயலுக்குப் போகும் நீர், போகிற வழியில் ஒரு போட்டியையும் நடத்திக் கொடுத்தது.

வட சிலாங்கூரும் பாசன நாடுதான். பெர்ணம் ஆற்றில் நீரைத் தடுத்து, கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்குக் கொண்டுவந்து, தஞ்சோங் காராங் முதல் சபாக் பெர்ணம் வரை ஏறத்தாழ 20,000 ஹெக்டர் வயலுக்குப் பாய்ச்சும் திட்டம் இங்கே பல தலைமுறையாக இயங்குகிறது. ஆனால் கடலோரச் சமவெளி என்பதால் நீருக்கு இறக்கம் இல்லை. இறக்கம் வேண்டுமென்றால் இதே மாநிலத்தின் மலைப்பக்கம் போக வேண்டும்.

சிலாங்கூர் ஆறு

பிரேசர் மலைப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது சிலாங்கூர் ஆறு. கோலகுபு பாருவை ஒட்டிய அதன் மேற்பகுதியில் ராஃப்டிங், கயாக் இரண்டும் நடக்கின்றன. கோலாலம்பூரில் இருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் வெள்ளை நீர் கிடைப்பதால், வார இறுதிகளில் அங்கே கூட்டம் சேரும். பேராக்கில் கோப்பெங் பக்கம் கம்பார் ஆறு, கெடாவில் செடிம் ஆறு, சபாவில் கியுலு, பாடாஸ் ஆறுகள் ஆகியவையும் இதே வகைக்குப் பெயர் பெற்றவை.

இந்த ஆற்றின் பலத்தை வரலாறும் சொல்லும். 1883 அக்டோபர் 29 அன்று பழைய கோலகுபுவில் இருந்த அணை உடைந்தது. வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் உயிரிழந்தார். அதன் பிறகும் வெள்ளம் ஓயாததால், பின்னாளில் ஊரையே மேட்டுப் பகுதிக்கு மாற்றினார்கள். அதனால்தான் அது 'பாரு', அதாவது புதிய கோலகுபு.

இன்று அந்த ஆற்றின் கதவு சிலாங்கூர் ஆற்று அணையில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டப்பட்ட, 110 மீட்டர் உயரமுள்ள இந்த அணை ஏறத்தாழ 23 கோடி கன மீட்டர் நீரைத் தேக்குகிறது. இதற்காக கெராச்சி, பெர்த்தாக் ஆகிய இடங்களில் இருந்த தெமுவான் பூர்வகுடி மக்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். அணையில் திறந்துவிடும் நீர் குழாயில் போவதில்லை. ஆற்றிலேயே இறங்கி வந்து, கீழே ராசா, பெஸ்தாரி ஜெயா பகுதிகளில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றில் இருந்துதான் வருகிறது. அந்தக் குடிநீர் இறங்கி வரும் வழியில்தான் படகுக்காரர்கள் விளையாடுகிறார்கள். நீர் குறைவாகத் திறந்தால் பாறை தெரியும். கூடுதலாகத் திறந்தால் படகு பறக்கும்.

கடைமடையில் இன்னொரு பங்காளி இருக்கிறது. கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிப் பூச்சிகள். மேலிருந்து நன்னீர் போதுமான அளவு வரவில்லை என்றால் கடலின் உப்பு நீர் ஆற்றுக்குள் கூடுதலாக ஏறும். உப்புக் கூடினால் மரமும் பூச்சியும் பாதிக்கப்படும். எனவே இந்த ஆற்றில் எந்த விளையாட்டுத் தடம் பற்றிப் பேசினாலும், குடிநீர், மின்மினி, பூர்வகுடி மக்கள், கரையோர மீனவர்கள் என எல்லாரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இந்தக் கணக்கில் ஸ்லாலத்துக்கு ஒரு சாதகம் உண்டு. அது தண்ணீரைக் குடிப்பதில்லை, அழுக்காக்குவதில்லை. கடந்து போகும் நீரைக் கடந்து போகவிடுகிறது.

தமிழர் அறிந்த மற்ற ஆறுகள்

தமிழகத்தின் ஒகேனக்கலில் காவிரிப் பாறைகளுக்கு நடுவே, வட்டமான பரிசலை ஒற்றைத் துடுப்பால் திருப்பிச் செல்லும் பரிசல்காரர்கள் இருக்கிறார்கள். சுழி எங்கே, ஆழம் எங்கே என்று அவர்களுக்கு மனப்பாடம். போட்டி என்ற பெயர் இல்லை என்றாலும், நீரைப் படிக்கும் வித்தை அதேதான்.

பக்கத்துக் கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி அருகே சாலிப்புழை, இருவழிஞ்ஞிப்புழை ஆறுகளில், 2013 முதல் மழைக்காலத்தில் மலபார் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. வெளிநாட்டுக் கயாக் வீரர்கள் அங்கே வந்து மோதுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் மகேஸ்வரில், நர்மதை ஆற்றின் பாறைத்தடத்தில் இந்திய ஸ்லாலம் வீரர்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2023 பிப்ரவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் ஸ்லாலம் அங்கேதான் நடந்தது. இலங்கையில் மலையகத்தின் அடிவாரத்தில் உள்ள கித்துல்கலையில், களனி ஆற்றின் வெள்ளை நீர் சுற்றுப்பயணிகளை ஈர்க்கிறது. அங்கும் மேலே உள்ள நீர்மின் நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்தே படகு ஓடுகிறது.

பிள்ளைகளை நீரில் இறக்கும் முன்

தோட்டத்தில் ஆறு என்பது துணி துவைக்கும் இடம், தூண்டில் போடும் இடம், திருவிழாவுக்குக் கரகம் ஜோடிக்கப் போகும் இடம். பிள்ளைகளுக்கோ அது "போகாதே" என்று தாய் சொல்லும் இடம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நீச்சல் தெரியாமல் ஆற்றிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் இறங்கி உயிரை விட்ட பிள்ளைகளைத் தோட்டங்கள் பார்த்திருக்கின்றன. மலையில் பெய்த மழையால் ஆற்றில் திடீரெனப் பாய்ந்து வரும் 'கெபாலா ஆயர்' என்ற நீர்ப்பெருக்கு, நீந்தத் தெரிந்தவரையும் விடாது.

தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போன பிறகு ஆறு இன்னும் தூரமானது. பயம் மட்டும் கூடவே வந்தது. ஆனால் பயம் ஒரு பிள்ளையை நீரில் காப்பாற்றாது. கற்ற பாடம்தான் காப்பாற்றும். உலகப் பட்டம் வெல்லும் நாடுகளிலும் பிள்ளைகள் நேராக வெள்ளை நீரில் இறங்குவதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் நீச்சல். உயிர்காப்பு அங்கி அணிந்தும், அணியாமலும் மிதக்கவும் நீந்தவும் தெரிய வேண்டும். அடுத்து, அமைதியான நீரில் பயிற்றுநரோடு கயாக் ஓட்டிப் பழக வேண்டும். மூன்றாவது, கவிழ்ந்த படகில் இருந்து பதற்றமில்லாமல் வெளியே வரக் கற்க வேண்டும். நீச்சல் குளத்திலேயே இதைச் சொல்லித் தருவார்கள். அதன் பிறகு படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் பயிற்சி. இவை எல்லாம் கைவந்த பிறகுதான் சிறிய ஓட்டமுள்ள ஆறு.

வெள்ளை நீரில் இறங்கும்போது தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி, காலை முழுதாக மூடும் காலணி ஆகிய மூன்றும் கட்டாயம். தனியாக இறங்கக் கூடாது. மேல்மலையில் மழை கறுத்தாலோ, நீர் திடீரெனக் கலங்கி இலைதழை மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். நீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது; பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, மிதந்தபடி கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். இந்த ஒரு பாடம், படகையே தொடாத பிள்ளைக்கும் உயிர் காக்கும். கோலகுபு பாரு போன்ற இடங்களுக்குப் போகும் குடும்பங்கள், அனுமதி பெற்ற நடத்துநர்களிடம் மட்டுமே போக வேண்டும். அன்று அணையில் எவ்வளவு நீர் திறந்திருக்கிறது என்பதையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்லாலம் செலவில்லாத விளையாட்டு அல்ல. போட்டிப் படகும் துடுப்பும் விலை கூடியவை. ஆனால் எங்கும் தொடக்கம் போட்டிப் படகில் இருப்பதில்லை. கிளப்புக்குச் சொந்தமான பழைய பிளாஸ்டிக் கயாக்கில், பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றி ஏறித்தான் கற்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் விடுமுறையில் நீச்சல், நீர்ப் பாதுகாப்பு முகாம் ஒன்றை ஏற்பாடு செய்தால் அதுவே முதல் படி. அந்த முகாமில் இருந்து வீரர் ஒருவர் வருவாரோ இல்லையோ, ஆற்றங்கரையில் தடுமாறி விழும் ஒரு பிள்ளை வீடு திரும்பும்.

கோலகுபு பாருவில் நுரைத்துக் கிளம்பும் நீர் ராசாவையும் பெஸ்தாரி ஜெயாவையும் கடந்து, கோலசிலாங்கூர் பாலத்தின் கீழே அமைதியாகக் கடலைச் சேர்கிறது. அதன் ஒரு முனையில் மின்மினி பார்க்கப் படகு ஏறுகிறோம். மறுமுனையில் துடுப்புப் பிடித்துப் படகு ஏறவும் நமது பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.